பூசை போடாத நாற்பத்தொன்பதாவது கம்ப்யூட்டர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மண் போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். இதைத் தட்டச்சு செய்பவர் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளட்டும். கம்ப்யூட்டர்களின் எண்களை மட்டும் திருத்த வேண்டாம். அவற்றை என் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

கல்லூரி லேபில் இப்போது வேலை பார்ப்பவர்கள் என்னை எங்கே பார்த்தாலும் ஒன்று கேட்கிறார்கள். "ஏனுங்கண்ணா, செவுத்துல ஒட்டியிருக்குதே ஒரு தாளு, அது நீங்க எழுதுனதுங்களா? எதுக்குங்க எழுதுனீங்க?" எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. "ஆமாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அடுத்த வருடம் அந்தப் பழைய கம்ப்யூட்டர்களை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிது போடப்போகிறார்களாம். தாளையும் கிழித்துவிடுவார்கள். அதற்குள் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இருபது வயதிலிருந்து ரிக் வண்டியில் இருந்தவன் நான். ஆழ்துளைக் கிணறு போட மத்தியப் பிரதேசம் வரைக்கும் போயிருக்கிறேன். முதுகு எலும்பு விலகி, இனிமேல் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, எருமப்பட்டிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் அட்டெண்டர் வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் லேபைத் திறப்பது, கூட்டுவது, ஏசியும் யூபிஎஸ்ஸும் போடுவது, சாயங்காலம் பூட்டுவது. அவ்வளவுதான் என் வேலை. முதல் இரண்டு வருடம் ஒரு கீபோர்டைக்கூடத் துடைப்பதற்குத் தவிரத் தொட்டதில்லை.

லேபின் சிஸ்டம் அட்மின் சுகந்தி மேடம். ராசிபுரத்துக்காரர், தறி ஓட்டும் குடும்பம். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவர் வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஒரு கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்றால் மற்றவர்கள் செய்வது எனக்குத் தெரியும். பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பார்கள், மறுபடி போடுவார்கள், ஒயரைப் பிடுங்கிச் செருகுவார்கள், தலையில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். சுகந்தி மேடம் வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வார். கீபோர்டைத் தொடவே மாட்டார். திரையில் இருப்பதைக் கடைசி வரியிலிருந்து மேலே மேலே படித்துக்கொண்டு போவார். பக்கத்தில் யாராவது, "மேடம், ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கட்டுங்களா?" என்றால் திரும்பாமலே சொல்வார்: "அது என்னமோ சொல்லிட்டிருக்குதுங்க. அதைக் கேக்காம வாயைப் பொத்தச் சொல்றீங்க." படித்து முடித்ததும் ஒரே ஒரு மாற்றம் செய்வார். அதைச் செய்வதற்கு முன்னால் நோட்டில் எழுதுவார். அது பலிக்கவில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு, "செரி, இப்ப என்ன தெரியுது?" என்று தன்னையே கேட்டுக்கொள்வார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

ஒரு நாள் அவர் சேலத்துக்கு மீட்டிங் போயிருந்தபோது ஒன்பதாம் எண் கம்ப்யூட்டர் கிளம்பாமல் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக நின்றுவிட்டது. போனில் கூப்பிட்டேன்.

"கடைசி வரி என்னங்கண்ணா?"

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுங்க மேடம்."

"எழுத்து தெரியுமுங்களா?"

எழுத்து தெரியும். ரிக்கில் ஒவ்வொரு சாமானிலும் எண்ணும் எழுத்தும் குத்தியிருக்கும். ஒன்று மாறினாலும் கடைக்காரர் வேறு சாமானைக் கொடுத்துவிடுவார். அதைப் பார்த்து எழுதிப் பழகிய கை. நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் திரையில் இருந்ததை எழுத்து எழுத்தாக வரைந்தேன். எழுதினேன் என்பதைவிட வரைந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றாகப் போனில் சொன்னேன். மூன்று நிமிடத்தில் என்ன கோளாறு என்று சொல்லிவிட்டார். மறுநாள் வந்தவர், இருநூறு பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்றை என் மேசையில் வைத்தார். "கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சுன்னா மொதல்ல இதுல எழுதுங்க. அப்புறம் என்னைக் கூப்பிடுங்க." அப்படித்தான் ஆரம்பித்தது.

நோட்டு நிறைய நிறைய, எந்த வரி வந்தால் மேடம் என்ன செய்கிறார் என்பது எனக்குப் புரிய ஆரம்பித்தது. எங்கள் லேபில் ஓடுவது லினக்ஸ். அதன் அடிப்படையான புரோகிராமுக்குக் கெர்னல் என்று பெயர். டிஸ்க், கீபோர்டு, திரை எல்லாவற்றையும் அதுதான் ஓட்டுகிறது. அதற்கு அப்டேட் வந்துகொண்டே இருக்கும். புதுசு வந்து உட்காரும், ஆனால் கம்ப்யூட்டரை அணைத்துப் போடுகிற வரைக்கும் பழசுதான் ஓடும். போட்ட பிறகுதான் புதுசு வேலைக்கு வரும். அப்போது புதுசு ஒத்துவரவில்லை என்றால் வண்டி கிளம்பாது.

பதினேழாம் எண் ஒரு முறை அப்படி நின்றது. மேடம் அதை அணைத்தார். போடும்போது ஷிப்ட் பட்டனை அழுத்திப் பிடித்தார். எப்போதும் மறைந்திருக்கிற ஒரு பட்டியல் திரையில் வந்தது. அதில் இரண்டாவது வரிக்குள் நுழைந்தால் இன்னொரு பட்டியல். "மேல ரெண்டு வரி புது கெர்னல். மூணாவது வரி பழைய கெர்னல்" என்று மூன்றாவதை அழுத்தினார். கிளம்பிவிட்டது.

"பழசைத் தூக்கிப் போட மாட்டாங்களாங்க?" என்று கேட்டேன்.

"புதுசு ஓடுதான்னு தெரியற வரைக்கும் வெச்சிருக்கும்."

எனக்கு உடனே பிடித்துவிட்டது. ரிக்கில் புது பிட் வாங்கினால், அது ஒரு பாறையை அறுத்துக் காட்டும் வரைக்கும் பழைய பிட்டை வண்டியைவிட்டு இறக்க மாட்டோம். அதை நான் சொன்னபோதுதான் மேடம் சிரித்து முதன்முதலாகப் பார்த்தேன்.

இனி அந்த ஆயுத பூசை வருடம்.

ஜூனில் கல்லூரி திறந்ததிலிருந்து அந்த வருடம் லேபில் ஓயாத கூட்டம். மாணவர்கள் போனால் பயிற்சி வகுப்பு, அது முடிந்தால் வேறு ஒன்று. கம்ப்யூட்டர்களை யாரும் அணைப்பதே இல்லை. வெளியேறுவார்கள், அடுத்தவர் உள்ளே வருவார். வருடத்தில் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக அணைப்பது கோடை விடுமுறைக்கும் ஆயுத பூசைக்கும்தான். பூசைக்கு முந்தின வாரம் சுகந்தி மேடத்தின் அப்பா இறந்துவிட்டார். மேடம் லீவில் ராசிபுரத்தில் இருந்தார்.

பூசையன்று நாற்பத்தெட்டுக் கம்ப்யூட்டர்களையும் அணைத்துத் துடைத்தேன். சந்தனம் கரைத்து, குங்குமம் எடுத்து, ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் வைத்தேன். யூபிஎஸ்ஸுக்குப் பெரிய பொட்டு. சாமி படத்துக்கு முன்னால் புத்தகங்களை அடுக்கி, என் நோட்டையும் வைத்தேன். தேங்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து, மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டினேன். மறுநாள் மறுபூசை போடும் வரைக்கும் எதையும் தொடக் கூடாது.

மறுநாள் விஜயதசமி. விடுமுறைதான். ஆனால் அதற்கு அடுத்த நாள் காலை கடைசி வருட மாணவர்களுக்கு வேலைக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனி வருகிறது. அந்த நாற்பத்தெட்டில்தான் தேர்வு. கல்லூரிக்கு முதன்முதலாக வருகிற பெரிய கம்பெனி. அதற்காக லேபைத் தயார் செய்ய எங்கள் துறைத்தலைவரும் இரண்டு ஆசிரியர்களும் காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள். நான் மறுபூசைக்குக் கற்பூரம் எடுப்பதற்குள் தலைவர் அவசரத்தில் மெயினைப் போட்டு, "எல்லாத்தையும் ஆன் பண்ணுங்க" என்றார்.

ஒன்றும் கிளம்பவில்லை. ஒன்றிலிருந்து நாற்பத்தெட்டு வரைக்கும் ஒரே கறுப்புத் திரை, ஒரே வெள்ளை எழுத்து.

தலைவர் படித்தவர், பாடம் நடத்துகிறவர். கடைசி வரியைப் படித்தார். "டிஸ்க்கையே எடுத்துக்க முடியலைன்னு சொல்லுது" என்றார். சேலத்திலிருந்து சர்வீஸ்காரரை வரவழைத்தார். அவர் வந்து நாலாம் எண் பெட்டியைக் கழற்றினார். காற்றுப் போகிற சல்லடையில் ஒரு துளி சந்தனமும் கொஞ்சம் குங்குமமும் ஒட்டியிருந்தது. விரலில் தொட்டு எல்லோருக்கும் காட்டினார்.

"ஏனுங்கண்ணா, பொட்டு வெச்சீங்களா, இல்ல அபிசேகமே பண்ணிப்போட்டீங்களா?"

ஆசிரியர்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

"ஒரே நாள்ல நாப்பத்தெட்டு டிஸ்க்கும் தானா போகாதுங்க சார்" என்றார் சர்வீஸ்காரர். "ராத்திரி பூரா ஈரம் எறங்கியிருக்குது. எல்லாத்தையும் சேலத்துக்குக் கொண்டுபோயிப் பிரிச்சுத்தான் பாக்கோணும். நாளைக்குள்ள முடியற வேலையில்ல."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனுங்க, கம்ப்யூட்டருக்குப் பொட்டெல்லாம் வேண்டாம்னு. நாளைக்கு அந்தப் பசங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவர் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் நானும் நம்பிவிட்டேன். சந்தனத்தைக் கொஞ்சம் தண்ணியாகத்தான் கரைத்திருந்தேன். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைகள், ஆறு மாதமாக இந்தத் தேர்வுக்கு விழுந்து விழுந்து படித்தார்கள். என் கையால் இப்படி ஆகிவிட்டதே என்று கதவோரம் நின்றேன். மேடத்துக்குப் போன் செய்யலாம் என்று மூன்று முறை எடுத்தேன், மூன்று முறையும் வைத்துவிட்டேன். எழவு வீட்டுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று எப்படிக் கூப்பிடுவது? அன்று நான் செய்த தவறு அதுதான். பொட்டு வைத்ததல்ல.

பெட்டிகளைக் கழற்ற வேறு ஸ்குரூடிரைவர் வேண்டும் என்று சர்வீஸ்காரர் கேட்டார். அது மேடத்தின் அறையில் இருக்கும். சாவி என்னிடம் இருந்தது. அறையைத் திறந்தேன். மேசையில் அவருடைய கம்ப்யூட்டர். அதன் நெற்றி வெறுமையாக இருந்தது.

தீட்டு வீட்டுக்காரர் புழங்குகிற இடம் என்று அந்த அறைக்கு நான் பூசை போடவில்லை. சந்தனத் தட்டோடு வாசல் வரை வந்து திரும்பிப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் மெயினை அணைப்பதற்கு முன் இதையும் அணைத்திருந்தேன். பட்டனைப் போட்டேன்.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து. அதே கடைசி வரி.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என்னை அறியாமல் இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தேன். இந்தப் பெட்டியைச் சந்தனம் தொடவே இல்லை. அப்படியானால் மற்ற நாற்பத்தெட்டையும் சந்தனம் கெடுக்கவில்லை. ஐந்து மாதமாக அணைக்காமல் இருந்ததை நேற்று அணைத்தோம். அணைத்துப் போட்டால்தான் புதுசு வேலைக்கு வரும்.

அணைத்தேன். ஷிப்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டு போட்டேன். பட்டியல் வந்தது. இரண்டாவது வரிக்குள் போய், மூன்றாவது வரியை அழுத்தினேன். எழுத்துகள் ஓடின. ஓடி நிற்கவில்லை. மேடத்தின் பெயர் போட்ட முகப்பு வந்தது.

லேபுக்குத் திரும்பிப் போய், யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், சாமி படத்துக்கு முன் கற்பூரம் ஏற்றி மறுபூசையை முடித்து, என் நோட்டை எடுத்துக்கொண்டேன். "இந்த நேரத்துல இதொண்ணுதான் கொறைச்சல்" என்று தலைவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. வெளியே வந்து மேடத்தைக் கூப்பிட்டேன். மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. நடந்ததைச் சொன்னேன்.

"காத்தாலயே ஏன் கூப்பிடலீங்க?"

"எழவு ஊடுங்களே மேடம்."

"எங்கப்பா போயிப் பதினோரு நாளாச்சுங்கண்ணா. கம்ப்யூட்டர் இன்னிக்குத்தான் விழுந்திருக்குது. கடைசி வரியைச் சொல்லுங்க."

சொன்னேன். பழைய கெர்னலில் கிளம்பியதையும் சொன்னேன். "என் ரூமுக்குப் போங்க, போனை ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார். உள்ளே போகிற பாஸ்வேர்டைச் சொல்லி, பிறகு ஒரு கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொன்னார். நான் நோட்டில் எழுதி, திருப்பிப் படித்துக் காட்டி, அதன் பிறகு தட்டினேன். திரையில் வரிசையாக எண்கள். கெர்னல்களை வைக்கிற இடத்துக்கு நேராக நூறு சதவீதம் என்று இருந்தது.

"நெறைஞ்சு போச்சு" என்றார் மேடம். "அஞ்சு மாசமா வந்த கெர்னலெல்லாம் அதுக்குள்ளயே கெடக்குது. கடைசியா வந்தது உள்ள வந்துருச்சு. அதுகூட ஒரு துணை ஃபைல் உண்டாகோணும். அதுக்கு எடமில்லாமப் போச்சு. அந்த ஃபைல் இல்லாம டிஸ்க்கைப் பிடிக்கத் தெரியாதுங்க அதுக்கு."

அதற்குள் தலைவரும் சர்வீஸ்காரரும் வாசலில் வந்து நின்றிருந்தார்கள். பேச்சைக் கேட்டுத் தலைவர் குனிந்து திரையைப் பார்த்தார்.

"சார் இருக்காருங்களா?" என்று மேடம் கேட்டார். "சார், இது சந்தனம் பண்ணுன வேலையில்லீங்க. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே அச்சுல நான்தான் லினக்ஸ் போட்டேன். அந்த எடத்தைச் சின்னதா வெச்சதும் நான்தான். தப்பு என்னுதுங்க. இப்ப அண்ணன் சொல்றபடி பண்ணுங்க, சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுரும்."

அண்ணன் சொல்கிறபடி என்றார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நோட்டைப் பார்த்தேன்.

முதலில் பழைய கெர்னலில் கிளப்பி, இப்போது ஓடிக்கொண்டிருப்பது எந்தக் கெர்னல் என்று பார்க்க வேண்டும். அதைத் தொடக் கூடாது. மிகப் பழையதில் இரண்டை நீக்க வேண்டும். விட்டுப்போன துணை ஃபைலைப் புதுசுக்கு உண்டாக்க வேண்டும். தொடங்குகிற பட்டியலை மறுபடி எழுத வைக்க வேண்டும். மேடத்தின் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதினேன். கடைசியில் எதையும் பிடிக்காமல், ஷிப்ட் இல்லாமல், சும்மா அணைத்துப் போட்டேன். புது கெர்னலிலேயே கிளம்பியது.

தலைவர் அந்தத் தாளை வாங்கிப் போய் நாலு பிரதி எடுத்து வந்தார். ஆளுக்கு ஒரு வரிசை. முதல் வரிசையில் தலைவரே உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் வந்தது.

"ஏனுங்க, மூணாவது வரியில இது எழுத்துங்களா, நம்பருங்களா?"

"எழுத்துங்க சார். என் கையெழுத்து அப்படிங்க."

"பரவால்லீங்க. அடுத்தது என்ன பண்ணோணும்?"

பதினாறு வருடத்தில் அவர் என்னிடம் வேலை பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. சர்வீஸ்காரரும் போய்விடாமல் கடைசி வரிசையை எடுத்துக்கொண்டார். கழற்றிய நாலாம் எண்ணைத் தானே மூட்டினார். சல்லடையில் இருந்த குங்குமத்தைத் துடைக்கப் போனவர், என்னைப் பார்த்துவிட்டு, "இருந்துட்டுப் போகுதுங்கண்ணா" என்று விட்டுவிட்டார்.

நாலரை மணிக்கு நாற்பத்தெட்டும் முடிந்தது. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. தலைவர் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன்.

"மெயினை அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களா?"

"இல்லீங்க. ஒவ்வொண்ணாத்தான் பாத்தோம்."

"எல்லாத்தையும் அணைச்சு, நேத்து மாதிரியே மெயினையும் அணைச்சுப்போட்டு, முதல்லருந்து போடுங்க. அப்பத்தான் நாளைக்கு நம்பலாம்."

ஓடுகிறதை ஏன் அணைக்க வேண்டும் என்று தலைவருக்கு மனசே இல்லை. "வேண்டாமுங்க, வுட்டுருங்க" என்றார். அன்றைக்குத்தான் அவருக்கு எதிராக ஒரு வார்த்தை பேசினேன். "மேடம் சொன்னாங்க சார், அணைச்சுத்தான் பாக்கோணும்" என்று சொல்லிவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் வரிசையாக அணைத்துக்கொண்டு போனேன். மெயினை இறக்கினேன். லேப் இருண்டது. ஏசிச் சத்தம் நின்றது. பத்து வரை எண்ணி மெயினை ஏற்றினேன். வரிசை வரிசையாகப் பட்டன்களைப் போட்டோம்.

ஒன்று வந்தது. பதினேழு வந்தது. நாலு வந்தது, நெற்றியில் பொட்டோடு. முதல் வரிசை முழுக்க முகப்பு வந்து நீலமாகி, இரண்டாவது வரிசை நீலமாகி, கடைசி வரிசை வரைக்கும் வெளிச்சம் போனது. நான் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே நடந்தேன். நாற்பத்தெட்டு. மேடம் அறைக்குள் போய்ப் பார்த்தேன். நாற்பத்தொன்பது.

"எல்லாம் வந்துருச்சுங்க மேடம்" என்றேன் போனில்.

"செரிங்கண்ணா" என்றார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அழுகையா, ஜலதோஷமா என்று நான் கேட்கவில்லை.

முந்தின நாள் மிஞ்சிய பொரியைத் தலைவரே எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார். எனக்கு இரண்டு கை அள்ளிப் போட்டார். மறுநாள் தேர்வு ஒரு தடங்கலும் இல்லாமல் நடந்தது. எங்கள் பிள்ளைகள் பலருக்கு வேலை கிடைத்தது. வெளியே வந்தவர்களில் யாருக்கும் முந்தின நாள் நடந்தது தெரியாது. தெரியாமல் இருந்ததில்தான் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மேடம் வேலைக்குத் திரும்பியதும் என் தாளுக்கு உறை போட்டுச் சுவரில் ஒட்டினார். திருத்தி எழுதித் தருகிறேன் என்றேன். "வேண்டாமுங்க, நாப்பத்தொம்பது கம்ப்யூட்டர் இதைப் படிச்சுத்தான் எந்திரிச்சுது" என்றார். அதிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் எல்லாவற்றையும் அணைத்துப் போடுவது வழக்கமாயிற்று. அடுத்த ஆயுத பூசைக்கு நான் சந்தனத்தை எடுக்கத் தயங்கி நின்றபோது தலைவரே வந்து, "என்னங்க, பொட்டு வெக்கலீங்களா? மேடம் ரூமையும் வுட்டுராதீங்க" என்றார். அந்த வருடம் சந்தனத்தைக் கெட்டியாகவே கரைத்தேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் பூசை நேற்று முடிந்தது. இன்று காலை மேடம் போன் செய்தார். "அண்ணா, மெயினைப் போட்டாச்சுங்க. எண்ணிப் பாத்துட்டேன். நாப்பத்தொம்பதும் வந்துருச்சு." போனை வைத்துவிட்டு, அந்த இருநூறு பக்க நோட்டை எடுத்தேன். கடைசியில் சில பக்கங்கள் எழுதாமல் கிடந்தன. அதில்தான் இதை எழுதியிருக்கிறேன்.

எருமப்பட்டி,
விஜயதசமி, இரவு பதினொன்றரை மணி.